சிறுபழக்கமும் பெருவாழ்வும்

மனித வாழ்க்கை ஆண்டுகளால் அளக்கப்படுகின்றது. ஆயினும் அது நாள்களால் ஆக்கப்படுகின்றது. நாள் என்பதோ செயல்களின் தொகுதி. காலையில் கண்விழித்தல் முதல் இரவில் கண்துயிலுதல் வரை ஒருவர் செய்யும் செயல்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் மிகப் பல எண்ணிச் செய்யப்படுவன அல்ல, பழகிச் செய்யப்படுவன என்பது விளங்கும். எந்தக் கையால் பல் துலக்குவது என்று எவரும் நாள்தோறும் ஆராய்வதில்லை. சட்டையின் பொத்தானை மாட்டும்போது எந்த விரல் முற்படவேண்டும் என்று எவரும் கட்டளையிடுவதில்லை. மனம் வேறொன்றை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கைகளும் கால்களும் தம் பணியைச் செய்து முடிக்கின்றன. இவ்வாற்றலுக்கே பழக்கம் என்று பெயர்.

மிதிவண்டி ஓட்டக் கற்பவனைக் காண்க. முதல்நாள் அவன் படும் பாடு பெரிது. கைப்பிடியை நோக்கினால் கால் நின்றுவிடுகின்றது. காலை நோக்கினால் கைப்பிடி திரும்பிவிடுகின்றது. முழங்காலில் காயம் படாமல் அக்கலையைக் கற்றவர் சிலரே. சில கிழமைகள் கழிந்த பின் அவனே தன் தம்பியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, அவனோடு பேசிய வண்ணம் கடைத்தெருவிற்குச் செல்கின்றான். வண்டியும் மாறவில்லை, வழியும் மாறவில்லை. முன்பு மனம் சுமந்த சுமையை இப்போது பழக்கம் சுமக்கின்றது. அமெரிக்க நாட்டு அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட உளநூலில் பழக்கத்திற்கென ஓர் இயலையே வகுத்தார். பயனுள்ள செயல்களை இளமையிலேயே பழக்கத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால், உயர்ந்த செயல்களில் ஈடுபட மனம் உரிமை பெறும் என்பது அவர்தம் கொள்கை.

பழக்கத்தின் பெருமையை அறியாதார் இலர். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. ஆனால், நற்பழக்கத்தை எவ்வாறு பெறுவது என்று வினவினால், பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே. “மனவுறுதி வேண்டும்” என்பர். உறுதியுடையார் பெறுவர், உறுதியற்றார் இழப்பர் என்பது அவர்கள் கருத்து. இக்கருத்து கேட்பதற்கு இனியது, கூறுவதற்கும் எளியது. ஆயினும் முழு உண்மை அன்று. அதனால் விளையும் தீங்கும் சிறிதன்று.

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்கின்றது. ஒன்பதாம் வகுப்பிற்குச் செல்லும் மாணவன் ஒருவன், இவ்வாண்டு வகுப்பில் முதல்வனாவேன் என்று உறுதி கொள்கின்றான். அழகிய தாள் ஒன்றை எடுத்துக் கோடிட்டு, வண்ண மையினால் நேரத் திட்டம் ஒன்றை எழுதுகின்றான். காலை 4 மணிக்கு எழுதல், 4.15க்குக் கணக்கு, 5.15க்கு ஆங்கிலம், 6.15க்கு உடற்பயிற்சி, மாலை 6 மணி முதல் 10 மணி வரை படிப்பு, இடையில் விளையாட்டு இல்லை. அத்தாளைச் சுவரில் ஒட்டி வைக்கின்றான். முதல்நாள் எல்லாம் செவ்வனே நடைபெறுகின்றன. இரண்டாம் நாள் கண்கள் எரிகின்றன. மூன்றாம் நாள் மணி ஒலித்தது அவனுக்குக் கேட்கவில்லை. நான்காம் நாள் வீட்டிற்கு விருந்தினர் வருகின்றனர். ஐந்தாம் நாள் அவன் திட்டத்தை நோக்கவும் நாணுகின்றான். சுவரில் அத்தாள் மட்டும் தன் கடமையைத் தவறாது செய்து கொண்டிருக்கின்றது.

திட்டம் கெட்டது பெரிய இழப்பன்று. அதன் பின்னர் அவன் உள்ளத்தில் தோன்றும் எண்ணமே பேரிழப்பு. “என்னால் ஆகாது; நான் உறுதியில்லாதவன்” என்று அவன் முடிவு செய்கின்றான். பெற்றோரும் சுற்றத்தாரும் “சோம்பேறி” என்னும் பெயரைச் சூட்டி அம்முடிவிற்கு முத்திரை இடுகின்றனர். பதினான்கு வயதில் ஒருவன் தன்னைப் பற்றிக் கொள்ளும் தாழ்ந்த எண்ணம், நாற்பது வயதிலும் அவனைத் தொடர்வதுண்டு. உண்மையில் குறை அவனிடத்தில் இருந்ததா, அவன் வகுத்த திட்டத்தில் இருந்ததா என்று ஆராய்ந்தவர் எவரும் இலர். ஒரே நாளில் பத்துப் புதிய பழக்கங்களைத் தாங்குமாறு தன்னை ஏவினான். அது முதல் வாரத்திலேயே முறிந்தது. பத்து மூட்டை ஏற்றத்தக்க வண்டியில் நூறு மூட்டை ஏற்றினால் அச்சு முறியும். அதற்கு வண்டியைப் பழித்துப் பயன் என்ன?

தன்னைத் தானே திருத்திக்கொள்ள முயன்றோர் பலர். அவர்களுள் தம் முயற்சியையும் தம் தோல்வியையும் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தவர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் பெஞ்சமின் பிராங்கிளின். அவர் 1706ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர்; 17 மக்களைப் பெற்றவர். வறுமையால் பிராங்கிளினுடைய பள்ளிப் படிப்பு 10 வயதிலேயே நின்றது. 12 வயதில் தம் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். புலாலுணவை விலக்கி, அதனால் மிஞ்சிய பணத்தைக் கொண்டு நூல்கள் வாங்கிப் படித்தார். பின்னாளில் இடியையும் மின்னலையும் ஆராய்ந்து, கட்டடங்களைக் காக்கும் இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் அவரே. 1776ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் விடுதலையை உலகிற்கு அறிவித்த ஆவணத்தில் கையொப்பமிட்டோருள்ளும் அவர் ஒருவர்.

இளமையில் அவர் ஒரு பெருமுயற்சி மேற்கொண்டார். குற்றமே இல்லாத வாழ்க்கை வாழவேண்டும் என்பது அவர் விருப்பம். எது நன்று, எது தீது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் நல்லதையே செய்து தீயதை விடுதல் எளிது என்று எண்ணினார். முயன்று பார்த்தபோதுதான் அதன் அருமை புலனாயிற்று. ஒரு குற்றம் நேராமல் காத்துக் கொண்டிருக்கும்போதே மற்றொரு குற்றம் எதிர்பாராத வழியில் வந்து புகுந்தது. அறிவு ஒன்றை விரும்ப, பழக்கம் வேறொன்றைச் செய்தது. அறிந்தால் மட்டும் போதாது. பழைய பழக்கம் நீங்கிப் புதிய பழக்கம் நிலைபெற வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். அங்ஙனம் உணர்ந்த பின் அவர் தம்மைக் கடிந்துகொண்டு சோர்ந்திருக்கவில்லை. ஒரு முறையை வகுத்தார்.

உணவில் அளவு, சொல்லடக்கம், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, வாய்மை முதலாகிய பண்புகளை அவர் வரிசைப்படுத்தினார். முதலில் எழுதியவை 12. அவர் பேச்சில் செருக்குத் தோன்றுகின்றது என்று நண்பர் ஒருவர் எடுத்துரைத்தார். பிராங்கிளின் அதனைப் பகையாகக் கொள்ளாமல், பணிவு என்பதையும் சேர்த்து 13 ஆக்கினார். பின்னர்ச் சிறிய குறிப்பேடு ஒன்றைச் செய்து, ஒவ்வொரு பண்பிற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். சிவப்பு மையினால் ஏழு நாள்களுக்கு ஏழு நெடுங்கோட்டுப் பத்திகளும், 13 பண்புகளுக்கு 13 வரிகளும் வரைந்தார். நாள்தோறும் மாலையில் தம் நடத்தையை ஆராய்ந்து, தவறு நேர்ந்த பண்பின் எதிரே கரும்புள்ளி ஒன்று இட்டார்.

இம்முறையில் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் 13 பண்புகளையும் ஒருங்கே கைக்கொள்ள முற்படவில்லை. ஒரு கிழமைக்கு ஒரு பண்பே அவர்தம் குறிக்கோள். அக்கிழமையில் அப்பண்பின் வரியில் புள்ளி விழாமல் காத்தலே பணி. ஏனைய பண்புகள் வழக்கம்போல் நடந்து செல்லும். தோட்டத்தில் களையெடுப்பவன் எல்லாப் பாத்திகளிலும் ஒரே வேளையில் கைவைப்பதில்லை. ஒரு பாத்தியை முடித்தே மறு பாத்திக்குச் செல்கின்றான். இவ்வுவமையை அவரே கூறியுள்ளார். 13 கிழமைகளில் ஒரு சுற்று முடியும். ஓர் ஆண்டில் நான்கு சுற்றுகள் முடியும்.

அவர் வெற்றி பெற்றாரா? தாம் எண்ணியதினும் மிகுதியான குற்றங்கள் தம்மிடம் இருந்தன என்று கண்டு வியந்ததாக அவரே எழுதினார். ஒரு சுற்றின் புள்ளிகளைச் சுரண்டி நீக்கிவிட்டு மறுசுற்றைத் தொடங்கியதால் குறிப்பேட்டின் தாள்களில் துளைகள் விழுந்தன. ஆதலின், துடைத்து எழுதத்தக்க தந்தத் தகடுகளுக்கு அவற்றை மாற்றினார். ஒழுங்கு என்னும் பண்பு அவருக்கு இறுதிவரை கைவரவில்லை. பொருள்களை உரிய இடத்தில் வைக்கும் பழக்கத்தில் அவர் மீண்டும் மீண்டும் தோற்றார். ஆயினும், இம்முயற்சியால் குற்றமற்றவர் ஆகாவிடினும், முயலாதிருந்தால் இருந்திருக்கக் கூடியதைவிடச் சிறந்தவராகவும் மகிழ்ச்சி உடையவராகவும் ஆனதாகத் தம் முதுமையில், 1784ஆம் ஆண்டில், அவர் பதிவு செய்தார். அழகிய கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகுபவர் அந்த அழகை முற்றும் அடையாவிடினும் தம் கையெழுத்துத் திருந்தப் பெறுவர் அன்றோ?

துளை விழுந்த அந்தத் தாளே பிராங்கிளின் வாழ்க்கையின் பெருமைக்குச் சான்று. புள்ளியே விழாத ஏடு பொய்யேடாக இருத்தல் கூடும். புள்ளி விழுந்தும் மூடி வைக்கப்படாத ஏடே மெய்யேடு.

அவர் தம் அனுபவத்தால் கண்டதை அண்மைக்கால ஆராய்ச்சியும் வேறொரு வழியில் உறுதிப்படுத்துகின்றது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். அவ்வாய்வில் 96 பேர் பங்கு கொண்டனர். ஒவ்வொருவரும் உண்ணல், பருகல், நடத்தல் போன்றவற்றுள் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, அதனைக் காலையுணவிற்குப் பின் என்பது போன்ற ஒரு வேளையோடு சேர்த்து நாள்தோறும் 12 கிழமைகள் செய்து வந்தனர். அச்செயல் எண்ணாமலே நிகழும் பழக்கமாகிவிட எத்துணை நாள் ஆகும் என்று கணித்தபோது, நடுத்தர அளவு 66 நாள் எனத் தெரிந்தது. ஆயினும் ஒருவருக்கு 18 நாளே போதியதாயிருந்தது. மற்றொருவருக்கு 254 நாள் வேண்டும் எனக் கணக்கிடப்பட்டது. இருபத்தொரு நாளில் எப்பழக்கமும் வந்துவிடும் என்று பலர் கூறுவது இதனால் பொருந்தாமை காண்க. இடையில் ஒரு நாள் தவறியமை பழக்கம் உருவாவதைப் பெரிதும் கெடுக்கவில்லை என்பதும் அவ்வாய்வில் வெளிப்பட்டது.

இதனால் மாணவர் அறியத்தக்கவை இரண்டு. ஒருவருக்கு விரைவில் வரும் பழக்கம் மற்றொருவருக்கு மெல்ல வரலாம். அது பற்றித் தாழ்வு இல்லை. உடன் பயில்பவன் ஒரு திங்களில் பெற்றதைத் தான் ஆறு திங்களில் பெற்றாலும் பெற்ற பயன் ஒன்றே. இஃது ஒன்று. தவறிய நாள் ஒரு நாளே; அதனால் முன்னைய நாள்களின் உழைப்பு அழிவதில்லை. இஃது இரண்டாவது.

இனி, புதிய பழக்கத்தை எங்கே ஊன்றுவது என்னும் வினா எழும். நட்ட கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். புதிய பழக்கத்திற்குப் பழைய பழக்கமே கொழுகொம்பு. காந்தியடிகள் 1903ஆம் ஆண்டளவில் தென்னாப்பிரிக்காவில் ஜோகானஸ்பர்க் நகரில் வழக்கறிஞராய் இருந்தார். வேலைகள் மிகுந்த அந்நாளில் அவருக்குப் பகவத் கீதையை மனப்பாடம் செய்ய விருப்பம் உண்டாயிற்று. அதற்கெனத் தனிநேரம் ஒதுக்க இயலவில்லை. காலையில் பல் துலக்க அவருக்கு 15 நிமிடமும் நீராட 20 நிமிடமும் ஆகும். பல் துலக்கும்போது எதிரே உள்ள சுவரில் சுலோகங்கள் எழுதிய தாள்களை ஒட்டிவைத்து, அவ்வப்போது அவற்றை நோக்கி மனத்தில் பதித்தார்; நீராடும்போது முன்பு கற்றவற்றை நினைவு கூர்ந்தார். இவ்வகையால் 13 அத்தியாயங்கள் வரை அவருக்கு மனப்பாடமாயின. அப்போது அவருக்கு 34 வயது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கூறி இளைஞரை அச்சுறுத்துவோர் இதனை எண்ணுதல் நலம். இளமை பழக்கத்திற்கு ஏற்ற பருவம் என்பது உண்மையே. ஆனால் அதன் வாயில் எந்த வயதிலும் அடைக்கப்படுவதில்லை.

அவர் புதிதாக நேரம் தேடவில்லை; இருந்த நேரத்தில் இடம் தேடினார். இம்முறை எவர்க்கும் இயல்வது. மாலையில் கைகால் கழுவி வந்தவுடன் பத்து நிமிடம் ஆங்கிலச் சொற்களைப் படித்தல், உணவு உண்டவுடன் மறுநாள் பாடநூல்களைப் பையில் எடுத்து வைத்தல், படுக்கும் முன் அன்று கற்றதை ஐந்து வரிகளில் எழுதுதல் ஆகியவை மிகச் சிறிய செயல்கள். சிறியவையாய் இருப்பதே அவற்றின் வலிமை. நோய் வந்த நாளிலும், விருந்து வந்த நாளிலும், மின்விளக்கு அணைந்த நாளிலும் அவற்றைச் செய்து முடித்தல் கூடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். எறும்பின் வலிமையால் கல் தேய்வதில்லை. அதே வழியில் அது நாள்தோறும் ஊர்வதால் தேய்கின்றது.

இங்கே ஒரு தடை எழுப்புவோர் உளர். “இவ்வாறு மணி பார்த்து வாழ்ந்தால் மனிதன் எந்திரமாகிவிடுவானே! கலையும் கற்பனையும் கடிகாரத்திற்குக் கட்டுப்படுமோ?” என்பது அவர்கள் வினா. அதற்கு விடை கூறும் வாழ்க்கை ஒன்றுண்டு. அந்தோணி டிரோலப் என்பவர் 1815 முதல் 1882 வரை வாழ்ந்த ஆங்கில நாவலாசிரியர். அவர் அஞ்சல் துறையில் அலுவலராகப் பணிபுரிந்தவர். தெருவில் அஞ்சற் பெட்டி நிறுத்தும் வழக்கம் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் 1852ஆம் ஆண்டில் தொடங்குவதற்குக் காரணமாய் இருந்தவர். பகலில் அலுவலகம், ஆதலின் நாள்தோறும் காலை 5.30 மணிக்கு எழுதும் மேசையில் அமர்ந்தார். முதல் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதைப் படித்துப் பார்த்தார். பின்னர்க் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதினார். இவ்வாறு அவர் எழுதி முடித்த நாவல்கள் 47.

அவர் இறந்த பின், 1883ஆம் ஆண்டில், அவர்தம் தன்வரலாறு வெளிவந்தது. செருப்புத் தைக்கும் தொழிலாளி போல எழுத்தாளனும் நாள்தோறும் அமர்ந்து தன் பணியைச் செய்யவேண்டும் என்று அவர் அதில் கூறியிருந்தார். அதனைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். கலைஞன் தொழிலாளியாகத் தன்னைக் கூறிக்கொள்ளலாமா என்று இகழ்ந்தனர். ஆனால் அவருடைய நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. கடிகாரம் அவருக்குக் கற்பனை தரவில்லை. கற்பனை வரும்போது அமர்ந்திருக்கும் இடத்தை மட்டுமே தந்தது. விளக்கேற்றி வைத்த வீட்டிற்கே விருந்தினர் வருவர்.

தமிழ் நாட்டிலும் இதற்கு விளக்கம் காணலாம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அச்சந்திப்பால் சீவகசிந்தாமணியைக் கற்கவும் பதிப்பிக்கவும் தலைப்பட்டார். அந்நூல் அச்சாகி வெளிவந்தது 1887ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கல்லூரிப் பணியை விட்டுவிடவில்லை. பாடம் சொல்லி எஞ்சிய பொழுதில் ஏட்டுச் சுவடிகளைப் படித்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, விளங்காத இடங்களை அறிந்தாரிடம் கேட்டுத் தெளிந்தார். பின்னர்ச் சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. ஒரே நாளின் எழுச்சியால் இத்தகைய பணி முடிவதில்லை. எஞ்சிய பொழுதுகளைச் சிந்தாமல் சேர்த்தவரே இதனை முடிக்க வல்லவர்.

நற்பழக்கத்தை நடுவது போலவே தீப்பழக்கத்தைக் களைவதற்கும் முறை உண்டு. படிக்க அமர்ந்த மாணவன் ஒருவன் கைப்பேசியை அருகில் வைத்துக்கொள்கின்றான். அது ஒளிர்கின்றது, கை நீள்கின்றது, ஒரு நொடி என்று எடுத்தது ஒருமணி நேரமாகின்றது. அவன் மீண்டும் தன் உறுதியைக் குறை கூறுகின்றான். வயலில் நீர் வேண்டாத இடத்தில் பாய்ந்தால், உழவன் நீரோடு போர் புரிவதில்லை, மடையை மாற்றுகின்றான். ஒரு வாயை அடைத்து மறு வாயைத் திறக்கின்றான். அதுபோல, படிக்கும் வேளையில் கைப்பேசியை மற்றொரு அறையில் தாயாரிடம் கொடுத்துவிட்டு, படிக்கவேண்டிய நூலை மேசைமேல் விரித்து வைத்தல் தக்கது. கையெட்டும் தொலைவில் இருப்பது எளிதில் பழக்கமாகும். எட்டாத தொலைவில் இருப்பது மெல்ல மறையும். உறுதியைச் சோதித்துக் கொண்டேயிருப்பது அறிவுடைமை ஆகாது. சோதனையே நேராதவாறு இடத்தை அமைத்தல் அறிவுடைமை.

இவ்விடத்துப் பெற்றோரும் தமையன்மாரும் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. வைகறையில் எழுந்து தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, அடுப்பில் உலை வைத்து, தம்பியைக் குளிப்பாட்டிய பின்னரே பள்ளிக்குப் புறப்படும் மாணவியர் பலர் உளர். அம்மாணவியை நோக்கி “நான்கு மணிக்கு எழுந்து படி, உறுதி வேண்டும்” என்று கூறுதல் அறமாகுமா? அவளிடம் உறுதி இல்லாமல் இல்லை, ஓய்வுதான் இல்லை. வீட்டிலுள்ள ஆண்மக்கள் தண்ணீர்க் குடம் ஒன்றைத் தூக்கினால், அவளுக்குப் படிப்பதற்குக் கால்மணி நேரம் கிடைக்கும். டிரோலப்பை நாள்தோறும் வைகறையில் காப்பியோடு எழுப்பிவிட முதிய பணியாளர் ஒருவர் இருந்தார். தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அவருக்கே தாம் கடன்பட்டதாக டிரோலப் எழுதியுள்ளார். பிராங்கிளினுக்குக் குற்றத்தை எடுத்துரைக்க ஒரு நண்பர் இருந்தார். ஆகவே தன்னைத் திருத்திக்கொள்ளுதல் தனியொருவர் முயற்சி என்பது மேலெழுந்தவாரியான பார்வை. உள்ளே நோக்கினால், ஒவ்வொரு நற்பழக்கத்தின் பின்னும் துணை நின்ற கை ஒன்று உண்டு. பிள்ளையைச் சோம்பேறி என்று இகழும் வாய், அத்துணைக் கையாக மாறுமாயின் எத்துணை நலம் விளையும்!

திருக்குறளின் அதிகார வைப்பும் இவ்வுண்மையை உணர்த்துவதாகக் கொள்ளலாம். பொருட்பாலில் ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம், மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62, இடுக்கண் அழியாமை 63. ஊக்கத்தோடு நூல் நின்றுவிடவில்லை. ஊக்கம் கொண்டவனுக்குச் சோம்பல் வரும், ஆதலின் மடியின்மை. சோம்பல் நீங்கினால் மட்டும் போதாது, செயல் வேண்டும், ஆதலின் ஆள்வினை. செயலில் இறங்கியவனுக்கு இடையூறு வருதல் உறுதி. ஆதலின் அதனால் மனம் உடையாமை இறுதியில் வைக்கப்பட்டது. ஊக்கம் கொள்வது தொடக்கம். இடையூறு நேர்ந்த பின்னும் எழுந்து நடப்பதே முடிவு. சுவரில் திட்டம் ஒட்டிய மாணவன் முதல் அதிகாரத்தில் தொடங்கினான். அவனுக்கு நான்காம் அதிகாரத்தை எவரும் கற்பிக்கவில்லை.

கற்பிக்க நூல்தான் வேண்டும் என்பதும் இல்லை. நாள்தோறும் காலையில் வாசலில் கோலம் இடும் தாய்மாரைக் காண்க. இடம் ஒன்று, வேளை ஒன்று, செயல் சிறியது. நண்பகலுக்குள் நடப்போர் காலடியில் கோலம் அழிந்துவிடுகின்றது. மழை பெய்த நாளில் இட்டவுடனே கரைந்துவிடுகின்றது. ஒருநாள் புள்ளி தவறிக் கோடு பிழைப்பதும் உண்டு. நேற்றுக் கோலம் பிழைத்தது என்று இன்று வாசலை வெறுமையாக விடுவோர் இலர். மறுநாள் காலையில் வாசல் பெருக்கப்படுகின்றது; புதுக்கோலம் மலர்கின்றது. இவ்வாறு ஆண்டுகள் பல சென்ற பின், அக்கைக்கு நூறு புள்ளிக் கோலமும் எளிதாகின்றது.

பழக்கம் எதற்காக என்பதையும் மறத்தல் ஆகாது. நாளை நிமிடங்களாகப் பிரித்து, நிமிடங்களைக் காசாக மாற்றுவது மட்டுமே வாழ்க்கையின் பயன் அன்று. பிராங்கிளின் காலையில் எழுந்தவுடன் அன்று செய்யத்தக்க நன்மை யாது என்றும், இரவில் படுக்குமுன் அன்று செய்த நன்மை யாது என்றும் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். வேலை முடிந்ததா என்பது மட்டும் அவ்வினாக்களில் இல்லை. நன்மை விளைந்ததா என்பதே அவற்றின் உயிர். பயனில்லாத வேலையைத் தவறாது செய்தல் வெறும் உரலை இடித்தலை ஒக்கும். விளையாட்டும் உறக்கமும் உறவினரோடு அளவளாவுதலும் வீண்பொழுது அல்ல. அவற்றிற்கும் நாளில் உரிய இடம் உண்டு.

ஆகவே மாணவர் பெரிய சூளுரைகளை விடுத்து, ஒரு சிறு நற்செயலைத் தேர்ந்துகொள்க. அதனை முன்பே பழகிய ஒரு செயலோடு சேர்த்துக்கொள்க. தடையாவதை அகற்றித் துணையாவதை அருகில் வைத்துக்கொள்க. நாள்தோறும் குறித்து வருக. தவறிய நாளை மறைக்காது எழுதுக. தவறிய மறுநாளே மீண்டும் தொடங்குக. ஒருநாள் தவறியவன் தோற்றவன் அல்லன். மறுநாள் எழாதவனே தோற்றவன். இதனை இளமையில் உணர்ந்தவர் தம்மை இகழார்; பிறரையும் இகழார். அவர்தம் நாள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அவர் அறியாமலே, நல்வாழ்வாக மலரும்.